கணவருக்கு நாற்பது புள்ளி

கவிதையையும் நாவலையும் திரைப்படத்தையும் பெண்ணிய நோக்கில் வாசிக்க நமக்கு ஓரளவு பழகிவிட்டது. அரசாங்கப் படிவங்களை அப்படி யாரும் எடுத்து வாசிப்பதில்லை. படிவம் என்றால் நிரப்ப வேண்டியது, ஒப்பமிட வேண்டியது, அத்தோடு மறந்துவிட வேண்டியது. ஆனால் எந்த நாவலையும்விட அதிக முறை நான் வாசித்த பிரதி எது என்று கேட்டால், கனடா அரசின் புள்ளி அட்டவணையைத்தான் சொல்வேன். இரண்டாண்டு முதுகலை முடித்து, அதன்பின் கிடைத்த மூன்றாண்டு வேலை அனுமதியில் இருந்த காலம் முழுவதும் இரவு படுக்கும்முன் அதைத் திறந்து பார்ப்பேன். பிஆர் என்று நாம் எல்லோரும் சொல்லும் நிரந்தர வசிப்புரிமை கைக்கு வந்தபிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இப்போது வேறு கண்ணோடு வாசிக்கிறேன்.

அட்டவணையின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015 ஜனவரியில் தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் 1200-க்கு இத்தனை என்று புள்ளி போடுவார்கள். அதில் 600 ஒரு மாகாண அரசு பரிந்துரைத்தால் மட்டும் கிடைப்பது. மீதி வயது, படிப்பு, மொழி, வேலை அனுபவம் ஆகியவற்றிலிருந்து வரும். சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரு கோடு கிழித்து, அதற்கு மேல் இருப்பவர்களை அழைப்பார்கள். கோடு எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. 2021 பிப்ரவரி 13 அன்று, பெருந்தொற்றால் எல்லைகள் மூடிக்கிடந்தபோது, ஏற்கனவே உள்ளே இருந்து வேலை செய்துகொண்டிருந்தவர்களில் 27,332 பேரை அழைத்தார்கள். அன்றைய கோடு 75. 2025-இல் அதே பிரிவுக்கு 500-க்கு மேல் வேண்டியிருந்தது. அதே படிப்பு, அதே அனுபவம், அதே பெண். ஆகவே இந்த எண் அவளுடைய தகுதியை அளக்கிறது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அந்த வாரத்தில் அந்த நாட்டுக்கு எத்தனை பேர் தேவை என்பதையும் சேர்த்தே அது அளக்கிறது.

முதலில் வயது. தனியாளுக்கு 20 முதல் 29 வரை முழுதாக 110 புள்ளி. முப்பதாவது பிறந்தநாளில் 105. 35-இல் 77. 39-இல் 55. 40 தாண்டியதும் வருடத்துக்குப் பதினொன்றாகச் சரிந்து, 45-இல் பூஜ்யம். இந்தப் பத்தியை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஏனென்றால் இதே அட்டவணை எங்கள் வீட்டில் எழுதப்படாமல் ஏற்கனவே இருந்தது. இருபத்து மூன்றில் நல்ல வரன், இருபத்தேழில் "இனிமேல் பார்த்துக்கலாம்னு சொல்ல முடியாது", முப்பதில் "எது வந்தாலும்". வீட்டின் அட்டவணையும் நாட்டின் அட்டவணையும் ஒரே பத்தாண்டுகளைத்தான் கேட்கின்றன. அந்தப் பத்தாண்டில் ஒரு பெண் முதுகலை முடிக்க வேண்டும், கடனைக் கட்டத் தொடங்க வேண்டும், ஓராண்டாவது கணக்கில் வரக்கூடிய வேலை பார்க்க வேண்டும், கல்யாணமும் செய்துகொள்ள வேண்டும், முடிந்தால் ஒரு குழந்தை. ஆணுக்கும் வயதுப் புள்ளி இதேபோலத்தான் குறைகிறது. ஆனால் அவனுடைய முப்பதாவது பிறந்தநாளுக்கு இரண்டு பக்கமிருந்தும் யாரும் கடிகாரத்தைக் காட்டுவதில்லை.

என் வகுப்பில் முப்பத்தாறு வயதில் முதுகலைக்கு வந்த ஒருவர் இருந்தார். பத்து வருடம் கல்லூரியில் பாடம் எடுத்தவர். இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வயதுவரை வளர்த்து, பிறகு மாமியார் வீட்டில் வாதாடி ஒப்புக்கொள்ள வைத்துப் புறப்பட்டவர். அவர் கனடாவில் பட்டம் வாங்கி ஓராண்டு வேலையும் முடிக்கும்போது வயது 39. தாமதமாகப் புறப்பட்டதற்கு 55 புள்ளி அபராதம். முனைவர் பட்டம் முடித்திருந்தால்கூட முதுகலையைவிட 15 புள்ளிதான் கூடுதலாகக் கிடைத்திருக்கும். அந்தப் பத்தாண்டில் அவர் செய்த வேலையில் பாதி, அதாவது பிள்ளை வளர்த்தது, அட்டவணையில் எந்த வரியிலும் இல்லை. குழந்தைக்குப் புள்ளி கிடையாது. கனடாவில் அண்ணனோ தங்கையோ இருந்தால் 15 உண்டு. அம்மா அங்கே இருந்தால் பூஜ்யம்.

இனி கணவர். இங்கேதான் அட்டவணை கொஞ்சம் வேடிக்கையாகிறது. திருமணமானவருக்கு அடிப்படைப் புள்ளிகளின் உச்சவரம்பு 500-லிருந்து 460-ஆகக் குறைகிறது. மிச்சமுள்ள 40-ஐ வாழ்க்கைத்துணை கொண்டுவர வேண்டும். படிப்புக்கு அதிகபட்சம் 10, மொழிக்கு 20, கனடிய வேலை அனுபவத்துக்கு 10. தாலி கட்டியவனைத் தெய்வம் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஒரு அரசாங்கம் அவனை நாற்பதுக்கு மதிப்பிட்டு, அதையும் தேர்வெழுதி நிரூபிக்கச் சொல்வதில் ஒரு சின்ன சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது. நான் அதை அனுபவித்தேன், மறைக்கவில்லை.

கணக்கையே போட்டுப் பார்ப்போம். 29 வயது, தனியாள், கனடாவில் இரண்டாண்டு முதுகலை, ஓராண்டு வேலை, ஊரில் வேலை அனுபவம் இல்லை. ஐஇஎல்டிஎஸ்ஸில் கேட்டலுக்கு 8, மற்ற மூன்றுக்கும் 7. வயதுக்கு 110, படிப்புக்கு 135, மொழிக்கு 124, வேலைக்கு 40, படிப்பும் மொழியும் சேர்ந்ததற்கு 50, அங்கேயே படித்ததற்கு 30. மொத்தம் 489. அதே பெண் திருமணமானவள், கணவருக்கு ஒரு இளங்கலைப் பட்டம் இருக்கிறது, மொழித் தேர்வு எழுதவில்லை என்றால் 465. கல்யாணத்தின் விலை 24 புள்ளி. கோடு 480-இல் விழுந்தால் ஒருத்தி உள்ளே, இன்னொருத்தி வெளியே.

இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட வழி, கணவரை "உடன் வராதவர்" என்று காட்டுவது. அப்படிச் செய்தால் தனியாள் கணக்கு பொருந்தும். அவர் பெயரைச் சொல்லியாக வேண்டும், மருத்துவப் பரிசோதனைக்கும் அவரை அனுப்பியாக வேண்டும். மறைத்தால் பின்னாளில் குடும்பப் பிரிவில் அழைத்துக்கொள்ளும் உரிமை போய்விடும் என்பது 2002 முதல் உள்ள விதி. 2019-க்குப் பிறகு சிலருக்கு மட்டும் விலக்கு. இப்படி உடன் வராதவராகக் காகிதத்தில் நின்றுபோனவர்களில் நான் பார்த்தவர்கள் பெரும்பாலும் மனைவிகள். கணவன் முதன்மை விண்ணப்பதாரர், மனைவி ஊரில். முதலில் அவன் போகட்டும், பிறகு அழைத்துக்கொள்வான். அந்தப் "பிறகு" என்ற சொல்லுக்குள் ஒன்றரை வருடமும் இருக்கலாம், நான்கு வருடமும் இருக்கலாம். மாமியார் வீட்டில் அவள் என்னவாக இருக்கிறாள் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

யார் முதன்மை விண்ணப்பதாரர், யார் நாற்பது புள்ளிக்காரர் என்பதைச் சட்டம் தீர்மானிப்பதில்லை, தம்பதியே தீர்மானிக்கலாம். இருவர் கணக்கையும் போட்டு யாருக்கு அதிகமோ அவர் பெயரில் கொடுங்கள் என்றுதான் எல்லா ஆலோசகர்களும் சொல்கிறார்கள். காகிதத்தில் இது பால் பேதமற்ற விதி. நடைமுறையில், முதுகலை படிக்கப் போன கணவனுடன் வந்து இரண்டாண்டு வீட்டைக் கவனித்த பொறியாளர் மனைவிக்குக் கனடிய அனுபவம் எங்கிருந்து வரும்? 2025 ஜனவரிக்குப் பிறகு நிலைமை இன்னும் குறுகிவிட்டது. 16 மாதமோ அதற்கு மேலோ நீளும் முதுகலை, முனைவர் படிப்பு, குறிப்பிட்ட சில தொழிற்படிப்புகள், இவற்றில் சேர்ந்தவர்களின் துணைக்குத்தான் வேலை அனுமதி. கணவன் ஓராண்டு முதுகலையில் சேர்ந்தால் மனைவி வேலைக்குப் போக முடியாது. அவன் எந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கிறான் என்பது அவளுடைய வேலையைத் தீர்மானிக்கிறது. தாய்வீட்டில் அப்பா செய்ததைத்தான் இங்கே விதிமுறை செய்கிறது.

எதிர்த்திசையிலும் பாருங்கள். பஞ்சாபில் ஐஇஎல்டிஎஸ்ஸில் நல்ல மதிப்பெண் எடுத்த பெண்ணுக்குக் கல்யாணச் சந்தையில் தனி விலை உண்டு. பையன் வீட்டார் அவளுடைய கல்லூரிக் கட்டணத்தையும் பயணச் செலவையும் ஏற்பார்கள், அவள் மாணவியாகப் போய்ப் பையனைத் துணையாக அழைத்துக்கொள்ள வேண்டும். வரதட்சணை திரும்பி ஓடுகிறது என்று சிலர் இதைப் பெண்ணின் ஏற்றமாக எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே வாங்கப்படுவது அவளுடைய தேர்வு எண். நம் பக்கத்து வரன் விளம்பரங்களில் "பிஆர் உள்ள மணமகள் தேவை" என்று வரும்போது அதே சரக்கு வேறு பொட்டலத்தில் வருகிறது. துணையாக அழைக்கப்பட்டு வரும் பெண்ணின் நிலையும் தெரிந்ததுதான். 2012 அக்டோபரில் கனடா ஒரு நிபந்தனை கொண்டுவந்தது. திருமணமாகி இரண்டாண்டுகூட ஆகாத, குழந்தையில்லாத துணை, அழைத்தவரோடு இரண்டாண்டு சேர்ந்து வாழ்ந்தால்தான் வசிப்புரிமை நிலைக்கும். போலித் திருமணத்தைத் தடுக்க என்றார்கள். வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு விதிவிலக்கு இருந்தது. ஆனால் ஆங்கிலம் தெரியாத பெண், அடிக்கிறவனுக்கு எதிராக ஆதாரம் திரட்டி, அலுவலரிடம் நிரூபிக்க வேண்டும். பெண்கள் அமைப்புகள் தொடர்ந்து எதிர்த்தன. 2017 ஏப்ரலில்தான் அது நீங்கியது. நாலரை ஆண்டுகள் கணவன் கையில் அரசே கொடுத்துவைத்திருந்த சாவி அது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த அட்டவணை யாருடைய அனுமதிக் கையெழுத்தையும் கேட்கவில்லை. அப்பா பெயரில் ஒப்புதல் கடிதம் வேண்டாம், சாதிச் சான்றிதழ் வேண்டாம். திருமணம் செய்யாமல் ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தால் அதுவும் துணைதான், அந்தத் துணை இன்னொரு பெண்ணாகவும் இருக்கலாம். நான் என் பெயரில் எடுத்த முதல் முக்கிய முடிவுக்கு ஒரு அந்நிய அரசின் படிவம் இடம் கொடுத்தது. அதைச் சாதாரணமாக ஒதுக்கிவிடும் பெண்ணிய விமர்சனத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. விட்டுப்போவது என்பது நம்மில் பலருக்கு உயிர்பிழைக்கும் வழியாகவும் இருக்கிறது.

ஆனால் அந்தப் படிவம் எதை வேலை என்கிறது? கனடிய அனுபவப் பிரிவில் தகுதி பெற மூன்றாண்டுக்குள் 1,560 மணிநேரம், அதாவது வாரத்துக்கு 30 மணி வீதம் ஓராண்டு, சம்பளம் வாங்கி உழைத்திருக்க வேண்டும். முழுநேர மாணவியாக இருந்தபோது செய்த வேலை கணக்கில் வராது. காப்பிக் கடையில் இரவு ஷிப்ட் நின்றது, அந்த நாட்டின் கோப்பைகளைக் கழுவியது எல்லாம் வரி கட்டிய வேலைதான், ஆனால் அனுபவம் ஆகாது. செய்த வேலைக்குத்தான் கணக்கு என்பதால் பிரசவ விடுப்பு மாதங்களும் சேராது. மூன்றாண்டு வேலை அனுமதி ஒருமுறைதான், நீட்டிக்க முடியாது. எனவே வேலை கிடைத்த முதலாண்டில் கர்ப்பம் என்பது எங்கள் கூட்டத்தில் விபத்தைப் போலப் பேசப்பட்டது. "இப்போ வேண்டாம், அழைப்பு வரட்டும்" என்று சொல்லிச் சொல்லி முப்பத்து மூன்றைத் தொட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு வயதுப் புள்ளி ஒருபக்கம் குறைந்துகொண்டிருந்தது, மருத்துவர் வேறொரு வயதுக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லா வேலையும் வேலையாகாது என்பது அடுத்த கட்டம். தொழில்களை 0 முதல் 5 வரை ஆறு அடுக்காகப் பிரித்திருக்கிறார்கள். மேலே உள்ள நான்கு அடுக்குகளுக்குத்தான் இந்தப் பாதை. குழந்தைகள் காப்பகத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியையாக இருந்தால் அடுக்கு 2, உள்ளே வரலாம். அதே வயதுக் குழந்தையை ஒரு வீட்டுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டால் அடுக்கு 4, வர முடியாது. முதலாமவரிடம் சான்றிதழ் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் இரண்டு இடங்களுக்கும் இடையில் இருக்கும் பெரிய வித்தியாசம் வீட்டுச் சுவர். சுவருக்குள் நடப்பது திறன் இல்லாத வேலை என்று முடிவெடுத்தது யார்? இந்தக் கேள்வியை நாம் புதிதாகக் கேட்கவில்லை. சமையற்காரர் ஆணாக இருந்து ஓட்டலில் நின்றால் மாஸ்டர், அம்மா வீட்டில் நின்றால் இல்லத்தரசி என்ற கணக்கு நமக்கு அத்துப்படி.

இந்த அட்டவணைக்கு ஒரு மூதாதை உண்டு. 1955-இல் கனடா, ஜமைக்காவிலிருந்தும் பார்படோஸிலிருந்தும் வீட்டு வேலைக்குப் பெண்களை வரவழைத்தது. நிபந்தனைகள்: வயது 18 முதல் 35, திருமணமாகாதவர், குழந்தை இல்லாதவர். ஓராண்டு வீட்டு வேலை செய்தால் பிறகு வேறு வேலை தேடிக்கொள்ளலாம். வந்தவர்களில் ஊரில் ஆசிரியைகளாகவும் எழுத்தர்களாகவும் இருந்தவர்கள் உண்டு. 1967-இல் புள்ளிமுறை வந்து, நிறத்தையும் நாட்டையும் வெளிப்படையாகப் பார்க்கும் பழைய விதிகளை மாற்றியது. அதை முன்னேற்றம் என்றே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நானே இங்கே இருக்க மாட்டேன். ஆனாலும் யாரும் சார்ந்திராத இளம்பெண் என்ற அந்த 1955-இன் சித்திரம் அழியவில்லை. 1970-களில் வீட்டு வேலைக்கு வந்த ஜமைக்கப் பெண்கள் ஏழு பேர், ஊரில் பிள்ளைகள் இருப்பதை விண்ணப்பத்தில் எழுதவில்லை. பின்னர் பிள்ளைகளை அழைக்க முயன்றபோது அது தெரிந்து, நாடுகடத்த உத்தரவு வந்தது. உழைக்கத் தகுதியானவர்கள் தங்கவும் தகுதியானவர்களே என்ற முழக்கத்தோடு நடந்த போராட்டத்துக்குப் பிறகு 1979-இல் அவர்கள் தங்க அனுமதிக்கப்பட்டார்கள். 1992 முதல் 2014 வரை இருந்த திட்டத்தில் பராமரிப்புப் பணிப்பெண் முதலாளியின் வீட்டிலேயே தங்கி 24 மாதம் உழைத்தால்தான் வசிப்புரிமை கேட்க முடிந்தது. பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் பெண்கள். 2019-இலும் 2025-இலும் வந்தவை சோதனைத் திட்டங்கள். பட்டம் பெற்ற என் போன்றவர்களின் பாதை நிரந்தரமாக ஓடுகிறது, குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்களின் பாதை மட்டும் எப்போதும் சோதனையாகவே இருக்கிறது.

வேலை அனுபவத்தை நிரூபிக்க முதலாளியின் கடிதம் வேண்டும். பதவி, பணிகள், மணிநேரம், சம்பளம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரு நல்ல கடிதத்துக்காக நான் வேலை பார்த்த இடத்தில் மேலாளர் ஒருவரின் கிண்டல்களைப் பதினான்கு மாதம் சிரித்துக் கடந்தேன். என் உச்சரிப்பைப் பற்றி, என் சாப்பாட்டைப் பற்றி, பிறகு என் உடலைப் பற்றி. மனிதவளத் துறைக்குப் போகலாம் என்று தெரியும். கடிதத்தில் கையெழுத்துப் போடப்போவது அவர்தான் என்பதும் தெரியும். எனக்கு இருந்தது எந்த முதலாளியிடமும் வேலை செய்யக்கூடிய திறந்த அனுமதி. காகிதத்தில் நான் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். 1,560 மணிநேரம் என்ற எண் அந்தச் சுதந்திரத்தை எப்படிச் சாப்பிடுகிறது என்பது அங்கே நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

நம்முடைய பக்கத்தையும் விமர்சிக்காமல் இதை முடிக்க முடியாது. பிஆர் கிடைத்த கதைகள் இப்போது தமிழில் ஒரு தனி இலக்கிய வகையாகிவிட்டன. காணொளியாகவும் குரல் பதிவாகவும் வருகின்றன. அமைப்பு ஒன்றுதான்: கஷ்டம், பனி, பகுதிநேர வேலை, விடாமுயற்சி, ஒருநாள் காலையில் மின்னஞ்சல், அம்மா அப்பாவுக்கு நன்றி. இவற்றில் "தகுதி", "திறமை" என்ற இரண்டு சொற்களும் வந்துகொண்டே இருக்கும். இட ஒதுக்கீட்டு விவாதங்களில் இந்தச் சொற்கள் யார் வாயில், யாருக்கு எதிராகப் புழங்கின என்பது தமிழ்நாட்டு வாசகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே ஆட்கள் டொராண்டோவில் அதே தொனியில் அகதிகளைப் பற்றிப் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன்.

தகுதிக்கு முன்னால் பணம் இருக்கிறது. படிப்பு அனுமதி கேட்கும் மாணவர் கல்விக் கட்டணத்துக்கு மேல் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவு 2024 ஜனவரியில் 10,000 டாலரிலிருந்து 20,635 ஆனது, 2025 செப்டம்பரில் 22,895. ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் வங்கி பொதுவாக ஈடு கேட்கும். ஈடு என்றால் பட்டா. பட்டா யார் பெயரில்? தமிழ்நாட்டில் 1989-இலேயே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை என்று சட்டம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் அந்தச் சட்டத்தைப் பயன்படுத்திய பெண் ஒருத்தியைக்கூட எனக்குத் தெரியாது. என் கடனுக்குக் கையெழுத்துப் போடப் பெரியப்பா ஆறு வாரம் எடுத்துக்கொண்டார், அம்மாவின் வளையல்கள் ஒரே மதியத்தில் அடகுக் கடைக்குப் போய்விட்டன. நிலம் வைத்திருக்கும் சாதியில் பிறந்ததால் அந்த ஆறு வாரக் காத்திருப்பாவது எனக்கு வாய்த்தது. என்னோடு இளங்கலையில் என்னைவிட நன்றாகப் படித்த, ஈடுவைக்க ஒன்றுமில்லாத தோழி ஐஇஎல்டிஎஸ்ஸுக்குக்கூடப் பணம் கட்டவில்லை. 489 என்ற என் எண்ணுக்குள் எங்கள் வயக்காடும் இருந்தது.

நான் ஸ்கார்பரோவில் வாடகைக்கு இருந்த நிலவறைக்கு மேல்தளத்தில் வீட்டுக்கார அக்கா இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளின் இறுதியில் வந்தவர். பொதி கட்டும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் நின்ற கால்களில் இப்போது நரம்பு சுருண்டிருக்கிறது. நான் புள்ளிக் கணக்கை விளக்கியபோது கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்களுக்குப் படிப்பு இருந்தது பிள்ளை. எங்களுக்கு கேஸ்தான் இருந்தது." கேஸ் என்று அவர் சொன்னது அகதி வழக்கை. அதிகாரியின் முன் தனக்கு நடந்ததைச் சொல்லி நம்பவைக்க வேண்டிய வழக்கு. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரையோரம் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 ஈழத்தமிழருக்கும் இந்த நாடு ஒரு அட்டவணை வைத்துக் காத்திருக்கவில்லை. தமிழ்க் கடை, தமிழ்ப் பள்ளி, முன்பணம் அதிகம் கேட்காத நிலவறை, புதிதாக வந்த மாணவி நிமிர்ந்து நடக்கும் அளவுக்கு ஒரு தமிழ்த் தெரு, இவையெல்லாம் புள்ளி இல்லாமல் வந்தவர்கள் உண்டாக்கியவை. நம் வெற்றிக் கதைகளில் அவர்கள் "அங்கே நிறைய சிலோன் ஆட்கள் இருக்காங்க" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறார்கள்.

வசிப்புரிமை கிடைத்ததும் கணக்கு நின்றுவிடும் என்று நினைப்போம். அதன்பின்தான் அம்மாக்கள் வருகிறார்கள். பெற்றோரை நிரந்தரமாக அழைக்கும் திட்டத்துக்குப் புதிதாக விருப்பம் பதிவு செய்யும் வாய்ப்பு 2020-க்குப் பிறகு திறக்கவில்லை. அப்போது பதிந்தவர்களிலிருந்தே தேர்ந்தெடுத்துவந்தார்கள். மாற்றாக இருப்பது சூப்பர் விசா. ஒருமுறை வந்தால் ஐந்தாண்டுவரை தங்கலாம், குறைந்தது 1,00,000 டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும், வேலை செய்யக் கூடாது. என் குடியிருப்பில் மட்டும் இப்படி நான்கு அம்மாக்கள் இருக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு மகளோ மருமகளோ வேலைக்குக் கிளம்பியதும் அவர்களுடைய நாள் தொடங்குகிறது. பேரப்பிள்ளைக்குப் பால், சமையல், துணி, மதியம் தள்ளுவண்டியில் பூங்காவுக்கு ஒரு நடை. விசாவின்படி அவர்கள் பார்வையாளர்கள். இதையே இன்னொருவர் வீட்டில் சம்பளத்துக்குச் செய்தால் சட்டமீறல். அந்த அம்மாவின் மூட்டுவலியின் மீதுதான் மகளின் வேலைநேரமும், அதன்மேல் பதவி உயர்வும் நிற்கின்றன. என் தலைமுறைப் பெண்ணின் விடுதலை முந்தைய தலைமுறைப் பெண்ணின் கூலியில்லாத வேலையாக இடம் மாறியிருக்கிறது என்பதை நம் பெண்ணிய மேடைகளில் பேசத் தயங்குகிறோம். அந்த நால்வரில் ஒருவரிடம் இங்கே பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "பிடிக்கிறதுக்கு எங்கம்மா நேரம்" என்றார்.

அம்மா வர முடியாத உடல்நிலையில் இருந்தால் மகள் போக வேண்டும். நிரந்தர வசிப்புரிமையைக் காப்பாற்ற ஐந்தாண்டுக்குள் 730 நாள் கனடாவில் இருந்தாக வேண்டும். இந்தச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கனடியக் குடிமகனான கணவனுடன் வெளிநாட்டில் இருந்தால், அந்த நாள்களும் கனடாவில் இருந்த நாள்களாகவே எண்ணப்படும். சட்டம் கணவன் என்று மட்டும் சொல்லவில்லை, குடியுரிமை பெற்ற மனைவியுடன் போனாலும் அப்படித்தான். ஆனால் யார் யாருடைய வேலைக்காக யார் பின்னால் போகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். கணவன் பின்னால் துபாய்க்குப் போனால் நாள் சேரும், அம்மாவின் படுக்கையருகே திருநெல்வேலியில் இருந்தால் சேராது. மனிதாபிமான அடிப்படையில் பரிசீலிக்கச் சொல்லிக் கேட்கலாம், அவ்வளவே.

என் தோழி ஒருத்தி இப்போது அந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. இவள் முதுகலைப் பட்டமும் வசிப்புரிமை அட்டையும் பெட்டியில் இருக்க, அம்மாவுக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுத்துக்கொண்டு ஊரில் இருக்கிறாள். மருத்துவமனைக் குறிப்புகளை ஆங்கிலத்தில் வாங்கிவிட்டாள், விமானச் சீட்டுகளையும் எடுத்து வைத்துவிட்டாள். தான் ஏன் வந்தாக வேண்டியிருந்தது, அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லையா என்பதை விளக்கும் பத்தியில் வந்து நின்றிருக்கிறாள். அண்ணன் சென்னையில்தான் இருக்கிறார் என்பதை அதில் எழுதுவதா வேண்டாமா என்று போன வாரம் என்னிடம் கேட்டாள்.